ஹூக்ளியின் அடியில் தட்டிப் பார்த்த குண்டு

போன மாதம் கல்கத்தாவில் கிடர்பூர் துறைமுகம் பக்கம் ஒரு வேலையாகப் போயிருந்தேன். கால் சும்மா இருக்கவில்லை, பழைய டைவிங் பிரிவுக்குள் நுழைந்துவிட்டேன். அங்கே புதிதாக ஓர் இயந்திரம் வந்திருக்கிறது. பெரிய கடலாமை அளவு. அதை ஆற்றில் இறக்கிவிட்டுப் பையன்கள் மேலே நாற்காலி போட்டு உட்கார்ந்து திரையைப் பார்க்கிறார்கள். சேற்றுத் தண்ணீரில் ஒலியை அனுப்பி, அது திரும்பி வருவதைப் படமாக்கிக் காட்டுகிறது. பழைய நங்கூரம் ஒன்றின் கொக்கி திரையில் மெல்ல மெல்லத் தெளிந்து வந்தபோது எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ஆற்றின் அடியில் வேலை செய்தவன், அந்த அடியைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

என் துள்ளலைப் பார்த்து ஷுபோ என்ற இளம் டைவர் சிரித்தான். அங்கே பையன்களுக்கெல்லாம் நான் காக்கு, அதாவது சித்தப்பா.

"இது இல்லாம, கீழ கெடக்குறது என்னன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க காக்கு?"

"தட்டிப் பார்ப்போம்."

"குண்டையும் அப்படித்தான் தட்டுனீங்களாமே?"

கதை இன்னும் அந்த ஷெட்டில் உயிரோடு இருக்கிறது, ஆனால் கண்டபடி வளர்ந்திருக்கிறது. குண்டை நான் தோளில் தூக்கி வந்ததாகக்கூட ஒருவன் சொன்னான். நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கலாமே என்று தோன்றியது.

என் பெயர் தொம்மை. பிறந்தது தூத்துக்குடி. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. சங்கு குளிக்கும் வள்ளத்தில் ஏறினேன். நாங்கள் எடுத்த சங்கெல்லாம் மூட்டை மூட்டையாகக் கல்கத்தாவுக்குப் போகும். அங்கே அதை வளையலாக அறுப்பார்கள், கல்யாணமான வங்காளிப் பெண்கள் கையில் போட்டுக்கொள்வார்கள் என்று கேள்வி. நான் மூச்சடக்கி எடுத்த சங்கு எந்தக் கையில் போய் ஏறுகிறது என்று பார்க்க ஆசை வந்தது. மூட்டைகளின் மேல் படுத்துக்கொண்டே லாரியில் வந்தேன். பார்த்தேன். திரும்பிப் போகத் தோன்றவில்லை.

பிறகு பாராதீப், அந்தமான், குஜராத்தில் கப்பல் உடைக்கும் கரை என்று சுற்றினேன். அந்தமானில் இடது காதின் சவ்வு கிழிந்தது. கப்பல் உடைத்த இடத்தில் சுண்டுவிரல் நுனி போயிற்று. மஞ்சள் காமாலை இரண்டு தடவை வந்தது. எந்த ஊரிலும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. கடைசியாகக் கல்கத்தாத் துறைமுகத்தில் தினக்கூலி டைவராகச் சேர்ந்தேன். அங்கே என்னைப் பிடித்து வைத்தவர் ஹல்தார்.

ஹல்தார் எங்கள் சூப்பர்வைசர், எங்களுக்கெல்லாம் தாதா, வங்காளத்தில் அண்ணன். வற்றிய உடம்பு, தொண்டை மட்டும் பெரிசு. ஹூக்ளியில் நினைத்த நேரத்தில் இறங்க முடியாது. ஏற்றமும் வற்றமும் மாறும் இடைவெளியில் ஆறு கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும். அப்போதுதான் டைவர் இறங்கலாம். மற்ற நேரமெல்லாம் ஷெட்டில் காத்திருப்போம். அந்தக் காத்திருப்பில் ஹல்தார் யுத்தக் கதை சொல்வார். பேசுவது வங்காளத்தில். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவருடைய குடும்பம் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. எழுபத்தொன்றில் வங்கதேசத்துக்காக நடந்த சண்டையில் அவருடைய மாமாவின் சிநேகிதர் ஒருவர் நீச்சல் படையில் இருந்தாராம். இங்கே பாகீரதி நதிக்கரையில் வைத்துப் பயிற்சி. கிராமத்துப் பையன்கள், மாணவர்கள். காந்தம் வைத்த வெடியை நெஞ்சோடு கம்சாத் துண்டால் கட்டிக்கொண்டு நீந்தப் பழகினார்கள். எந்த ராத்திரி இறங்குவது என்று சொல்ல ஆள் அனுப்பவில்லை, தந்தி அடிக்கவில்லை. கல்கத்தா வானொலியில் குறிப்பிட்ட ஒரு பாட்டு வந்தால் தயாராக வேண்டும், இன்னொரு பாட்டு வந்தால் அன்றைக்கு இறங்க வேண்டும். ஊரெல்லாம் அந்தப் பாட்டைச் சும்மா கேட்டுக்கொண்டிருக்க, இவர்கள் தண்ணீரில் இறங்கினார்கள். கப்பலின் அடியில் ஒட்டியிருந்த சிப்பியைக் கத்தியால் சுரண்டி, வெடியை ஒட்டவைத்துவிட்டு நீந்தித் திரும்பினார்கள். துறைமுகங்களில் கப்பல்கள் வரிசையாக மூழ்கின. இதை ஹல்தார் எத்தனை தடவை சொன்னாலும், சிப்பியைச் சுரண்டும் இடம் வந்ததும் என் உள்ளங்கை வேர்த்துவிடும். அந்தச் சிப்பியை எனக்குத் தெரியும். எத்தனை கப்பலின் அடியில் நானே சுரண்டியிருக்கிறேன்.

எங்கள் ஆறும் லேசுப்பட்டது இல்லை. ஒரு தடவை ஜெட்டி என்று சொல்லும் கப்பல் மேடைக்கு அடியிலிருந்து கும்பினிக் காலத்துப் பீரங்கிக் குண்டு ஒன்று எடுத்தேன். அதிகாரிகள் வந்து கொண்டுபோகும்வரை ஷெட் கதவுக்கு அதுதான் முட்டு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் விமானங்கள் பட்டப்பகலில் வந்து கிடர்பூர் துறைமுகத்தில் குண்டு போட்டன. செத்தவர்களில் நிறையப் பேர் மூட்டை சுமந்த கூலிகள். போட்ட குண்டெல்லாம் வெடித்துவிட்டதா என்று நான் ஒருநாள் கேட்டேன். வெடிக்காதது கீழே உனக்காகக் காத்திருக்கும் என்றார் ஹல்தார். எல்லோரும் சிரித்தோம்.

எங்கள் வேலை முறையைச் சொல்ல வேண்டும். இறங்கும் முன் ஹல்தார் ஒவ்வொரு டைவரையும் தலையிலிருந்து கால்வரை தட்டித் தடவுவார். சந்தையில் மீன் வாங்குகிறவர் மாதிரி இருக்கும். முகக்கண்ணாடி, காற்றுக்குழாய், ஈயப்பட்டை, இடுப்பில் கத்தி, ஸ்பானர். எல்லாம் சரியாக இருந்தால் "ம்" என்பார். அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

கீழே போனால் ஒன்றும் தெரியாது. கையைக் கண்ணாடியில் ஒட்டினாலும் தெரியாது. அதனால் எது கையில் பட்டாலும் முதலில் தடவுவோம், பிறகு ஸ்பானரால் தட்டுவோம். வெற்றுக் குழாய் ஒரு மாதிரி கேட்கும், கெட்டி இரும்பு ஒரு மாதிரி, மரம் ஒரு மாதிரி. சேற்றில் பதிந்திருக்கிற இரும்பு ஊமையாகக் கேட்கும், சேற்றை விட்டுக் கழன்றதும் வாய் திறக்கும். தூக்குவதற்குக் கயிறு கட்டி முடித்தால், கடைசியாக ஒரு தட்டுத் தட்டி, கழன்றுவிட்டதா என்று தெரிந்துகொண்டுதான் மேலே வருவோம். யோசித்துச் செய்வதில்லை. கை தானாகச் செய்யும்.

இன்னொரு கட்டாயமும் இருந்தது. டைவரின் இடுப்பில் கட்டிய உயிர்க்கயிற்றை மேலே ஒருவர் பிடித்திருப்பார். கீழே இருக்கிறவனுக்கு அந்தக் கயிறுதான் வாய், அதுதான் காது. கயிறு பிடிக்கிறவரோடு சண்டையில் இருந்தால் அன்றைக்கு அவர் கையில் கயிறு கொடுக்கக் கூடாது. கோபத்தில் இருக்கிறவனின் கை ஒரு நொடி தாமதிக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. இறங்கும் முன் இருவரும் ஒரே மண் குவளையில் ஆளுக்குப் பாதி டீ குடிக்க வேண்டும். குடித்தால் சண்டை இல்லை என்று அர்த்தம்.

அந்த வாரம் ஹல்தாரும் நானும் பேசிக்கொள்ளவில்லை. காரணம் மீன். வங்காளிகள் உயிராக நினைக்கும் இலிஷ் மீனை, மழைக்காலத்தில் முதலில் வந்ததை, கடுகு அரைத்துப் போட்டுச் சமைத்து ஷெட்டுக்கே கொண்டு வந்திருந்தார். எனக்கு ஊட்டாத குறை. தின்றுவிட்டு, முள்ளைத் துப்பிக்கொண்டே, "எங்க ஊர்ச் சீலா மீன் பக்கத்துல இது வெறும் முள்ளு" என்றேன். ஹல்தார் பாத்திரத்தை மூடினார். அதோடு பேச்சு நின்றது. என் கயிற்றைப் பிடிக்கவும் மறுத்துவிட்டார். ராம்பிரசாத் என்ற பீகார்க்காரர் பிடித்தார்.

அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் துறைமுகத்தின் லாக் கேட்டுக்கு, ஆற்றிலிருந்து கப்பல்கள் உள்ளே நுழையும் மதகுக் கதவுக்கு, வெளியே ஆற்றில் மண் அள்ளும் கப்பலின் குழாய் எதிலோ முட்டி நின்றது. என்னவென்று பார்க்க நான் இறங்கினேன்.

உருண்டையாக, நீளமாக, பாதி சேற்றில் புதைந்து கிடந்தது. எண்ணெய் டிரம்மாக இருக்கும் என்று தட்டினேன். டிரம் வெற்றாகக் கேட்கும். இது நிறைந்து கேட்டது. நன்றாகக் காதில் விழவில்லை என்று இன்னும் ஓங்கி ஒரு தட்டு. நிறைந்தேதான் இருந்தது. ஒரு முனை கூம்பியது. தடவிக்கொண்டே மறுமுனைக்குப் போனேன். அங்கே மெல்லிய தகடு, கிழிந்து மடங்கி, மீனின் செட்டை மாதிரி. செட்டை எதற்கு இரும்புக்கு? கை அங்கேயே நின்றுவிட்டது. ஹல்தாரின் ஜப்பான் விமானங்கள் தலைக்கு மேல் பறந்தன. அந்த நிமிஷத்தில் பயமா சந்தோஷமா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கயிற்றை மூன்று தடவை இழுத்தேன். மூன்று என்றால் மேலே எடு.

மேலே வந்ததும், குண்டு மாதிரி இருக்கிறது என்று ராம்பிரசாத்திடம் சொன்னேன். கரையில் ஹல்தார் ஒரு கை தூரத்தில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

"ராம்பிரசாத், வால் பக்கம் தகடு இருந்ததான்னு அவனைக் கேளு."

"ராம்பிரசாத், இருந்ததுன்னு அவருகிட்டச் சொல்லு."

ராம்பிரசாத்துக்கு இரண்டு பேர் சொன்னதும் காதில் விழுந்தது. இருந்தாலும் முறையாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொன்னார். அடுத்ததாக ஹல்தார் யாரிடமும் சொல்லாமல் ஓடினார். கொஞ்ச நேரத்தில் கப்பல் நகர்ந்தது, ஜெட்டி காலியானது, போலீஸ் வந்தது, பிறகு ராணுவம் வந்தது.

வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்யும் குழுவின் தலைவர் ஓர் இளம் கேப்டன். பெயர் குணசேகரன். வேலூர்ப் பக்கம். நான் தமிழன் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. அவருக்கு முன்னால் மூன்று தொல்லைகள். தண்ணீருக்குள் இறங்க அவர் குழுவில் ஆள் இல்லை. கடற்படை டைவர்கள் வந்து சேர இரண்டு நாள் ஆகும். மறுநாளே அமாவாசை. அமாவாசை ஏற்றத்தில் ஹூக்ளியில் பான் வரும். கடலிலிருந்து சுவர் மாதிரி எழுந்து ஆற்றில் ஏறிவரும் அலை அது. அந்த அலை குண்டைப் புரட்டி லாக் கேட்டில் மோதவிட்டால், உள்ளே கட்டிக் கிடக்கும் கப்பல்களும் அதிலிருக்கும் ஆட்களும் என்ன ஆவார்கள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கேப்டன் என்னிடம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கேட்டார். நானும் ஒன்று விடாமல் சொன்னேன்.

"தட்டுனீங்களா?"

"ஆமா சார். ரெண்டு தட்டு."

"இன்னாண்ணா சொல்றீங்க? எதால?"

"ஸ்பானரால. மொதல்ல சரியாக் கேக்கல. அதான் பொறவு ஒண்ணு ஓங்கித் தட்டுனேன்."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற சிப்பாய்க்குச் சிரிப்பு வந்து, திரும்பி நின்றுகொண்டான். பழைய குண்டு எத்தனையோ மோதலைத் தாங்கியிருக்கும், ஆனால் உள்ளே இருக்கிற விசை துருப்பிடித்துப்போய் எந்தத் தட்டில் விழித்துக்கொள்ளும் என்று யாருக்கும் தெரியாது என்று நிதானமாக விளக்கினார். இனிமேல் தட்டக் கூடாது என்றார். தட்டமாட்டேன் என்றேன்.

வெடிக்கவைக்கும் விசை மூக்கில் மட்டும் இருக்கிறதா, வாலிலும் இருக்கிறதா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். எனக்கு வாயால் சொல்லத் தெரியவில்லை. அவர் செய்த காரியத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஒரு பெரிய தொட்டியில் ஆற்றுச் சேற்றை நிரப்பச் சொன்னார். பயிற்சிக்கு வைத்திருக்கும், வெடிமருந்து இல்லாத குண்டு மாதிரிகள் சிலவற்றை அதற்குள் புதைத்து, மேலே சாக்கைப் போட்டு மூடினார். என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, கையை உள்ளே விடச் சொன்னார். கையுறையோடுதான். கீழே எப்படித் தொட்டேனோ அப்படி. ஒன்றைத் தொட்டேன், இல்லை. இன்னொன்று, இல்லை. மூன்றாவதில் கூம்பு முடிகிற இடத்தில் ஒரு வளையம் விரலைத் தடுத்தது. கத்திவிட்டேன். இதேதான், இதே வளையம்தான். வால் பக்கம் வெறும் தகடு, வளையம் கிடையாது என்றும் சொன்னேன். கேப்டன் அதே சந்தேகத்தை வேறு வேறு விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டார். சேற்றில் மாதிரிகளின் இடத்தை மாற்றி வைத்து மறுபடி தொடச் சொன்னார். மறுபடியும் அதையே பிடித்தேன். அப்புறம்தான் நம்பினார்.

விசை மூக்கில் மட்டும் என்றால், மூக்கைத் தொடாமல் நடு உடம்பில் இரண்டு துணிப்பட்டை கட்டி, காற்றுப்பை மாட்டி மிதக்கவிட்டு, ஆளில்லாத மணல்திட்டுக்கு இழுத்துப் போய்விடலாம். கட்டுவதற்கு ஒருவர் கீழே போக வேண்டும். கேப்டன் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணே, இது உங்க வேலை கெடையாது. முடியாதுன்னு சொன்னா ஒருத்தரும் தப்பா நெனைக்கமாட்டாங்க."

அது எங்கே கிடக்கிறது என்று என் கைக்குத்தான் தெரியும். வேறு யார் போனாலும் தேட வேண்டும், தேடுகிறவன் எங்கே இடிப்பான் என்று சொல்ல முடியாது. போகிறேன் என்றேன். ஹல்தார் கயிறு பிடிக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

ஆறு அசையாமல் நிற்கும் நேரத்துக்காகக் காத்திருந்தோம். அந்த நேரத்தில் கேப்டன் ஒரு கதை சொன்னார். பைபிளில் தீர், சீதோன் என்று மாதா கோயிலில் வாசிக்கக் கேட்டிருக்கிறேன். அதே தீர் பட்டணம் கடலுக்குள் ஒரு தீவுக்கோட்டை. உலகத்தைப் பிடிக்கக் கிளம்பிய கிரேக்க அரசன் அதை முற்றுகையிட்டான். அவனுடைய கப்பல்களை மதிலோரம் கொண்டுவந்து நங்கூரமிட்டால், தீர் நகரத்து முக்குளிப்பவர்கள் அடியில் நீந்தி வந்து நங்கூரக் கயிற்றை அறுத்துவிடுவார்களாம். கப்பல் சும்மா மிதந்து போய்விடும். கடைசியில் அவன் கயிற்றுக்குப் பதில் சங்கிலி போட்டானாம். உலகத்தையே ஆட்டிய ஒருவனின் படையை, மூச்சடக்கத் தெரிந்த சில ஆட்கள் கத்தியால் நிறுத்தியிருக்கிறார்கள். நான் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன். நாலு வார்த்தையில் அதை வங்காளத்தில் ஹல்தார் பக்கம் பார்த்துச் சொன்னேன், ராம்பிரசாத் இல்லாமல். அவர் முகத்தைத் திருப்பாமல் காதை மட்டும் கொடுத்தார்.

நேரம் வந்தது. ஹல்தார் ஒரு மண் குவளையோடு வந்து பாதி குடித்துவிட்டு நீட்டினார். நான் மீதியைக் குடித்தேன். அவர் என் முகக்கண்ணாடியைத் தட்டினார், குழாயை இழுத்துப் பார்த்தார், ஈயப்பட்டை, இடுப்பு என்று கை இறங்கியது. பிறகு வாயைத் திறந்தார்.

"இலிஷ் பத்திச் சொன்னதை வாபஸ் வாங்கு."

"குண்டு வெடிச்சா வாங்கிக்கிறேன் தாதா."

"ம்," என்றார்.

குண்டுக்குப் பக்கத்தில் மின்சாரக் கருவி எதுவும் கூடாது என்று ராணுவத்தின் டெலிபோனை எனக்கு மாட்டவில்லை. கயிறு மட்டும்தான். கயிறு பிடிப்பவர் தூரத்தில் மணல்மூட்டைச் சுவருக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்றார் கேப்டன். ஹல்தார் ஜெட்டியின் விளிம்பிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். மூலை திரும்பிப் போகிற கயிற்றில் டைவரின் கை தெரியாது, குமிழியைப் பார்க்காமல் கயிறு பிடிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அதை நான் மொழிபெயர்த்தேன். கேப்டன் சிப்பாய்களைச் சுவருக்குப் பின்னால் அனுப்பினார். பிறகு அவரும் வந்து ஹல்தார் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கீழே இருட்டு வழக்கமான இருட்டுதான். குண்டைக் கண்டுபிடித்ததும் மூக்கு எந்தப் பக்கம் என்று வாலின் தகட்டைத் தடவித் தெரிந்துகொண்டு, அதற்கு எதிர்ப்பக்கமாக மண்டியிட்டேன். அதன் வயிற்றுக்கு அடியில் விரலால் சேற்றைத் தோண்டினேன். நண்டு வளை தோண்டுகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக. முதல் பட்டை உள்ளே போயிற்று. இரண்டாவதுக்குத் தோண்டும்போது குண்டு மெல்ல ஒரு விரல்கடை என் பக்கம் சாய்ந்தது. மூச்சு நின்றது. குமிழி நின்றதை மேலே பார்த்திருக்க வேண்டும், கயிறு ஒரு தடவை அசைந்தது. நலமா என்று கேட்கிறார். ஒரு தடவை இழுத்தேன். நலம்.

இரண்டாவது பட்டையும் ஏறியது. காற்றுப்பையை மாட்டினேன். முடிச்சை இழுத்துப் பார்த்தேன். எல்லாம் முடிந்தது. முடிந்ததும் என் வலது கை, என்னைக் கேட்காமல், இடுப்புக்குப் போயிற்று. சேற்றை விட்டுக் கழன்றுவிட்டதா என்று கடைசியாக ஒரு தட்டு.

ஸ்பானர் இல்லை.

அப்போதுதான் கை எங்கே போயிருக்கிறது என்றே எனக்குத் தெரிந்தது. கழன்று விழுந்துவிட்டதோ, இந்தக் குண்டின் மேலேயே விழுந்து கிடக்கிறதோ என்று ஒரு நொடி பயந்தேன். உடனே ஹல்தாரின் கை என் இடுப்பைத் தடவிக்கொண்டு போனது ஞாபகம் வந்தது. வாயால் இலிஷ் பற்றிப் பேசிக்கொண்டே கையால் ஸ்பானரை உருவியிருக்கிறார். தட்டமாட்டேன் என்று நான் கேப்டனிடம் சொன்னதை அவர் நம்பவில்லை. என்னை நம்பினார், என் கையை நம்பவில்லை. தண்ணீருக்கு அடியில் வாய்விட்டுச் சிரித்தேன். கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது, அங்கே பார்க்கத்தான் ஒன்றும் இல்லையே. மூன்று இழுப்பு இழுத்தேன்.

மேலே வந்தபோது ஸ்பானர் ஹல்தாரின் மடியில் கிடந்தது. கேப்டன் அந்த ஸ்பானரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் தோளை அழுத்தினார்.

தூரத்திலிருந்து காற்றுப்பையை நிரப்பினார்கள். ஆற்றின் நடுவே எருமை முதுகு மாதிரி அது எழும்பியது. நீண்ட கயிற்றில் ஒரு படகு அதை மெல்ல இழுத்துக்கொண்டு கீழே போயிற்று. மறுநாள் பான் வந்தது. சுவர் மாதிரி வந்து, வெறும் சேற்றைப் புரட்டிவிட்டு, லாக் கேட்டில் நுரையைத் தெளித்துவிட்டுப் போனது. கேட்டுக்கு உள்ளே கப்பல்கள் லேசாக ஆடின. அவ்வளவுதான்.

ஆற்றில் கீழே, ஆளில்லாத மணல்திட்டில் ராணுவம் குண்டை வெடிக்கவைத்த நாளில் எங்களையும் ஒரு லாஞ்சில் அழைத்துப் போனார்கள். வெகு தூரத்தில் நிறுத்தினார்கள். முதலில் சேறு பனைமரத்தைவிட உயரமாக எழுந்தது. சத்தம் பிறகுதான் வந்தது, லாஞ்சின் தரை காலுக்கடியில் உதறியது. கொக்குகள் கூட்டமாகக் கிளம்பின. அத்தனை வருஷத்துக்கு முன்னால் எந்த ஜப்பானியனோ கீழே தள்ளியது, என் கைக்கடியில் கிடந்தது, இப்போதுதான் வெடித்து முடிந்தது. நான் சின்னப் பிள்ளை மாதிரிக் கைதட்டிக்கொண்டிருந்தேன். ஹல்தார் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"வெடிச்சிடுச்சு," என்றார். "வாபஸ் வாங்கு."

ராணுவம் வெடிக்கவைத்தது கணக்கில் சேராது என்று வாதாடிப் பார்த்தேன். வெடிச்சா என்றுதான் நான் சொன்னேன், யார் வெடிக்கவைத்தால் என்று சொல்லவில்லை என்று ராம்பிரசாத் சாட்சி சொன்னார். கேப்டனிடம் நியாயம் கேட்டேன். அவரும் அவர்கள் பக்கம் சேர்ந்துவிட்டார். லாஞ்சின் முன்பக்கம் ஏறி நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி வங்காளத்தில் சொன்னேன்: மீன் என்றால் இலிஷ், மற்றதெல்லாம் சும்மா.

நான் இப்போது கல்கத்தாவிலேயே டாக்குரியாவில் குடியிருக்கிறேன். ஹல்தாரும் ஓய்வு பெற்றுவிட்டார். ஒவ்வொரு மழைக்காலத்திலும் முதல் இலிஷைச் செய்தித்தாளில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரயிலில் வந்து இறங்குவார். என் வீட்டுக்காரி கடுகு அரைப்பாள். அவளும் அவர் கட்சிதான். நான் கடைசி முள்வரை சப்பித் தின்பதை எதிரே உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ம்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஹல்தாருக்குத் தமிழ் படிக்க வராது. ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன்: சீலாதான் மீன்.